கட்டைகளில் உலகச் சின்னங்கள்: சிறு மாதிரி கட்டுவோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

லெகோ போன்ற ஒன்றோடொன்று பூட்டிக்கொள்ளும் பிளாஸ்டிக் கட்டைகளைக் கொண்டு ஈஃபிள் கோபுரம், தாஜ்மகால், ஏதென்சின் பார்த்தினான் கோயில் போன்ற கட்டடங்களை மேசையில் அடங்கும் அளவில் கட்டுவது பற்றிய கேள்விகளும் பதில்களும் இவை. செட் வாங்கி வழிகாட்டிப் புத்தகத்தைப் பார்த்துக் கட்டுவதைவிட, சொந்தமாக வடிவமைக்க நினைப்பவர்களை மனத்தில் வைத்து எழுதியிருக்கிறோம்.

கட்டைகளின் எந்த அளவுகளைக் கட்டாயம் தெரிந்துவைத்திருக்க வேண்டும்?

நான்கு எண்கள் போதும். கட்டையின் மேலே துருத்திக்கொண்டிருக்கும் குமிழை ஸ்டட் என்கிறோம். ஒரு ஸ்டட்டின் மையத்திலிருந்து அடுத்ததன் மையம் வரை 8 மி.மீ. சாதாரணக் கட்டையின் உயரம், ஸ்டட்டைச் சேர்க்காமல், 9.6 மி.மீ. தட்டையான பிளேட்டின் உயரம் அதில் மூன்றில் ஒரு பங்கு, அதாவது 3.2 மி.மீ. ஸ்டட் இல்லாத வழவழப்பான டைலும் அதே 3.2 மி.மீ.தான்.

ஆக, 1×1 கட்டை, அதாவது நீளமும் அகலமும் ஒரு ஸ்டட் உள்ள கட்டை, கனசதுரம் அல்ல. அகலத்தைவிட உயரம் கூடுதல். கட்டத்தாளில் ஒரு கட்டத்துக்கு ஒரு கட்டை என்று வரைந்து கட்டினால் கோபுரம் 20 சதவீதம் நெட்டையாகிவிடும். புதியவர்கள் செய்யும் தவறுகளில் மிகப் பரவலானது இதுதான்.

இன்னொன்றையும் நினைவில் வையுங்கள்: 5 பிளேட் உயரம் 16 மி.மீ., அதாவது சரியாக 2 ஸ்டட் அகலம். பக்கவாட்டில் கட்டும் வேலை முழுவதும் இந்த ஒரு சமன்பாட்டின்மேல்தான் நிற்கிறது.

முதல் மாதிரிக்கு எந்தக் கட்டடத்தை எடுக்கலாம்?

கீசாவின் பெரிய பிரமிடு. எளிது என்பதற்காக மட்டும் சொல்லவில்லை. கட்டைகளின் அளவும் அந்தக் கட்டடமும் வியக்கத்தக்க விதத்தில் ஒத்துப்போகின்றன. ஒவ்வொரு அடுக்கையும் நான்கு பக்கமும் 1 ஸ்டட் உள்ளே தள்ளி ஒரு கட்டை உயரத்துக்குக் கட்டினால் சாய்வு 50.2 பாகை வருகிறது. உண்மையான பிரமிடின் சாய்வு ஏறக்குறைய 51.8 பாகை. அடித்தளம் 24×24 ஸ்டட் என்றால் 24, 22, 20 என்று குறைந்து 12 அடுக்குகளில் உச்சி வந்துவிடும். அடி 192 மி.மீ., உயரம் 115.2 மி.மீ. இது சுமார் 1:1200 அளவு. அசல் உயரமான 146.6 மீட்டரை அதே வீதத்தில் குறைத்தால் 122 மி.மீ. வர வேண்டும். அடியில் 24×24 அளவில் 2 பிளேட் அடுக்கு கூடுதலாக வைத்தால் 121.6 ஆகிவிடுகிறது. உள்ளே நிரப்ப வேண்டியதில்லை. மேல் அடுக்கு உட்கார 2 ஸ்டட் அகல விளிம்பு இருந்தால் போதும்.

அடுத்த படியாக பார்த்தினான், அல்லது எம்பயர் ஸ்டேட் போன்ற படிப்படியாக ஒடுங்கும் வானுயர்ந்த கட்டடம். முதல் முயற்சியில் தவிர்க்க வேண்டியவை கொலோசியமும் சிட்னி ஓப்பரா மாளிகையும். ஒன்று நீள்வட்டம், மற்றது கோளத்திலிருந்து வெட்டியெடுத்த ஓடுகள். இரண்டுமே சதுரக் கட்டத்தோடு மல்லுக்கட்டும் வடிவங்கள்.

அளவு வீதத்தை எப்படித் தீர்மானிப்பது?

பெரும்பாலோர் உயரத்திலிருந்து தொடங்குகிறார்கள்: "அலமாரியில் 30 செ.மீ. இடம் இருக்கிறது, அதற்குள் கட்டலாம்." அப்படித் தொடங்கினால் பாதி வழியில் சிக்கிக்கொள்வீர்கள். தூணுக்கு ஒன்றரை ஸ்டட் தேவைப்படும், சன்னலுக்கு முக்கால் ஸ்டட் தேவைப்படும். அப்படி எந்தக் கட்டையும் இல்லை. நாங்கள் உறுதியாகச் சொல்வது: எந்த உறுப்பு இல்லாவிட்டால் அந்தக் கட்டடத்தை அடையாளம் தெரியாதோ, அந்த உறுப்புகளில் மிகச் சிறியதை எடுத்துக்கொள்ளுங்கள். அதற்குப் பொருந்தும் துண்டைத் தேடுங்கள். அளவு வீதம் அங்கிருந்து தானாக வரும்.

பார்த்தினானைப் பாருங்கள். அதன் அடையாளம் தூண் வரிசை: முன்புறம் 8, பக்கவாட்டில் 17, சுற்றிலும் மொத்தம் 46. ஒரு தூணுக்கு 1×1 உருளைக் கட்டை, தூண்களுக்கு இடையே 1 ஸ்டட் இடைவெளி என்று வைத்தால் முன்புறம் 15 ஸ்டட், பக்கம் 33 ஸ்டட். விகிதம் 1:2.2. உண்மைக் கட்டடத்தின் தரை மேடை 30.9 × 69.5 மீட்டர், விகிதம் 1:2.25. தூண்களின் மையங்களுக்கு இடையே சுமார் 4.3 மீட்டர், அது 16 மி.மீ. ஆவதால் அளவு ஏறக்குறைய 1:268. இப்போது தூணின் உயரத்தைச் சோதியுங்கள்: 10.4 மீட்டரை 268 ஆல் வகுத்தால் 38.8 மி.மீ. நான்கு உருளைக் கட்டைகள் 38.4 மி.மீ. அடித் தடிமன் 1.9 மீட்டர் 7.1 மி.மீ. ஆகிறது, கையில் இருப்பது 8. ஒரு உறுப்பு சரியாக அமைந்ததும் மற்றவை வரிசையாக வந்து உட்காருவதைக் கவனியுங்கள்.

இன்னும் சிறிதாக வேண்டுமா? தூணுக்கு உருளைக் கட்டைக்குப் பதில் 3.2 மி.மீ. தடிமனுள்ள கம்பித் துண்டை எடுத்து, ஒவ்வொரு ஸ்டட்டுக்கும் ஒன்று என நடுங்கள். தூண் இடைவெளி 8 மி.மீ. ஆகி, அளவு சுமார் 1:540க்கு இறங்கும். கம்பியைச் செருக நடுவில் துளையுள்ள ஸ்டட் கொண்ட துண்டுகள் தேவை. மூடிய ஸ்டட்டில் கம்பி நிற்காது. இந்த இரண்டு அளவுகளுக்கும் நடுவே உள்ளவற்றை விட்டுவிடுவது நல்லது. அவற்றுக்குப் பொருந்தும் தூண் இல்லை.

ஒரே உறுப்பு இரண்டு அளவுகளைக் கொடுத்தால் எதைத் தேர்ந்தெடுப்பது?

லண்டன் எலிசபெத் கோபுரம், அதாவது பிக் பென் மணி இருக்கும் கோபுரம், நல்ல எடுத்துக்காட்டு. அடையாளம் கடிகார முகம். அதன் விட்டம் சுமார் 7 மீட்டர். 1×1 வட்ட டைலை முகமாக வைத்தால் சுமார் 1:860. கோபுரம் 2 ஸ்டட் அகலம், 96 மீட்டர் உயரத்துக்கு 112 மி.மீ., அதாவது பன்னிரண்டு கட்டைக்குச் சற்றுக் குறைவு. 2×2 வட்ட டைலை வைத்தால் 1:430. கோபுரம் 4 ஸ்டட் அகலம், உயரம் 23 கட்டை.

சிறியதில் ஒரு தொல்லை உண்டு. 2 ஸ்டட் அகலச் சுவரின் நடுவில் 1 ஸ்டட் அகல முகம் வர வேண்டும் என்றால் அரை ஸ்டட் நகர்த்தல் தேவை. 2×2 ஜம்பர் பிளேட்டின்மேல் (நடுவில் ஒரே ஒரு ஸ்டட் உள்ள பிளேட்), நான்கு பக்கமும் ஸ்டட் உள்ள 1×1 கட்டையை நிறுத்தி, நான்கு வட்ட டைல்களை ஒட்டினால் முகத்திலிருந்து எதிர்முகம் வரை 14.4 மி.மீ. வரும். கோபுரத்தின் 16 மி.மீ. அகலத்துக்குள் அது ஒவ்வொரு பக்கமும் 0.8 மி.மீ. மட்டும் உள்வாங்கி நிற்கும்; கண்ணுக்குத் தெரியாது. ஆனால் அந்த மாடியின் நான்கு மூலைகளிலும் வெட்டு விழும், அது தெரியும். தனி மாதிரியாக வைப்பதற்கு 1:430 எடுங்கள். பல கட்டடங்களை வரிசையாக நிறுத்தும் நகரக் காட்சிக்கு 1:860 போதும்.

ஒற்றைப்படை அகலமா, இரட்டைப்படை அகலமா?

நடுவில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். நடுக்கோட்டில் ஒற்றை வாசலோ ஒற்றைக் கூர்முனையோ 1 ஸ்டட் அகலத்தில் வருமானால் மொத்த அகலமும் ஒற்றைப்படையாக இருக்க வேண்டும். 2 ஸ்டட் என்றால் இரட்டைப்படை. பார்த்தினானின் முகப்பில் 8 தூண்கள் இருப்பதால் நடுவில் இடைவெளி வருகிறது. அந்த இடைவெளி 1 ஸ்டட், மொத்தம் 15. கூரையின் உச்சிக்கோடும் 1 ஸ்டட் அகலத்தில் அதன்மேல் சரியாக அமரும்.

ஒற்றைப்படையையும் இரட்டைப்படையையும் ஒரே கட்டடத்தில் கலக்க நேர்ந்தால் ஜம்பர் பிளேட் உதவும். இரண்டு ஸ்டட் இடத்தில் நடுவில் ஒரே ஒரு ஸ்டட் உள்ள துண்டு அது. 1×2 ஜம்பரின் லெகோ துண்டு எண் 15573, பழைய வகை 3794. மேலே உள்ளதை 4 மி.மீ. நகர்த்தித் தரும். ஒரு விலை உண்டு: இரண்டு ஸ்டட் பிடிக்க வேண்டிய இடத்தில் ஒன்றுதான் பிடிக்கிறது. உயரமான கோபுரத்தின் முழு எடையும் ஒரே ஒரு ஜம்பரின்மேல் நிற்கும்படி வடிவமைக்காதீர்கள். கை பட்டால் சுழன்றுவிடும்.

சுவரில் ஸ்டட் தெரியாமல் வழவழப்பாகக் கட்டுவது எப்படி?

பக்கவாட்டில் ஸ்டட் உள்ள கட்டைகளை உள்ளே வைத்து, வெளியே டைல்களைச் சுவர் ஓடு ஒட்டுவதுபோல் ஒட்டுவது. 1×1 அளவில் 87087 என்ற கட்டை இதற்குரியது. இங்கே எல்லோரையும் குழப்பும் ஒரு சிக்கல் இருக்கிறது. பக்க ஸ்டட் கட்டையின் நடு உயரத்தில் இல்லை. மேல் விளிம்பிலிருந்து 4 மி.மீ. கீழே இருக்கிறது. எனவே அதில் ஒட்டும் 8 மி.மீ. டைல் மேல் விளிம்போடு சமமாகி, கீழே 1.6 மி.மீ. இடைவெளி விடும். இப்படிப்பட்ட கட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் ஒவ்வொரு வரிசைக்கும் ஒரு கோடு தெரியும். துண்டு குறைபாடுள்ளது என்று நினைத்து மாற்றிப் பார்ப்பவர்கள் உண்டு. குறைபாடு எதுவும் இல்லை, 9.6க்கும் 8க்கும் உள்ள வித்தியாசம்தான் அது.

தீர்வு மேலே சொன்ன 5 பிளேட் கணக்கு. பக்க ஸ்டட் கட்டை ஒன்று, அதன்மேல் 2 பிளேட், மறுபடியும் பக்க ஸ்டட் கட்டை, 2 பிளேட். பக்க ஸ்டட்கள் சரியாக 16 மி.மீ. இடைவெளியில் வரும், நிமிர்த்தி வைத்த நீள டைல்கள் ஒன்றுவிட்டு ஒரு ஸ்டட்டில் கச்சிதமாகப் பூட்டிக்கொள்ளும். இன்னும் வசதியானது ஒன்றும் மூன்றில் இரண்டும் கட்டை உயரமுள்ள வகை: 1×1 அளவில் 32952, 1×2 அளவில் 22885. இவற்றின் உயரமே 16 மி.மீ., பக்கத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக ஸ்டட்கள். எத்தனை அடுக்கினாலும் இடைவெளி விழாது.

1.6 மி.மீ. கோடு சில கட்டடங்களுக்கு நன்றாகவே பொருந்தும். மாடிகளைப் பிரித்துக் காட்ட வேண்டிய வானுயர்ந்த கட்டடத்தில் அந்தக் கோட்டை அப்படியே விட்டுவிடலாம்.

ஈஃபிள் கோபுரத்தின் வளைவு எப்படி வரும்?

1:1000 அளவு அதற்கென்றே அமைந்ததுபோல் இருக்கிறது. அடி 125 மீட்டர். 16 ஸ்டட் என்றால் 128 மி.மீ. ஒவ்வொரு காலின் அடியும் 25 மீட்டர் சதுரம், 3×3 ஸ்டட். முதல் தளம் 57 மீட்டரில், 18 பிளேட். இரண்டாம் தளம் 115 மீட்டரில், 36 பிளேட். மூன்றாம் தளம் 276 மீட்டரில், 86 பிளேட். உச்சி 330 மீட்டர், 103 பிளேட்.

கால்கள் உள்நோக்கி வளைவதுதான் கடினமான பகுதி. முழு ஸ்டட்டாக நகர்த்தினால் படிக்கட்டுபோல் இருக்கும். அரை ஸ்டட்டாக நகர்த்துங்கள்: நடுவில் ஒற்றை ஸ்டட் உள்ள 2×2 ஜம்பர் இரண்டு திசையிலும் ஒரே சமயத்தில் 4 மி.மீ. தள்ளும், மூலைவிட்டமாக நகரும் காலுக்கு அதுதான் வேண்டும். அதற்கடுத்த அரை நகர்த்தலில் மறுபடி சாதாரணக் கட்டத்துக்குத் திரும்புகிறோம். இப்படி மாறிமாறி, முதல் தளம்வரை உள்ள 18 பிளேட்டில் 7 நகர்த்தல்கள் வரை செய்யலாம். முதல் தளத்துக்கும் இரண்டாவதற்கும் இடையே நகர்த்தல்களைக் குறையுங்கள். இரண்டாவதற்கு மேல் இன்னும் அரிதாக்குங்கள். கீழே அடர்த்தி, மேலே அரிது: அந்த வளைவின் உயிர் அதில்தான். எல்லாத் தளத்திலும் சம இடைவெளியில் நகர்த்தினால் கோபுரம் கூம்பாகிவிடும், யாரும் அதை ஈஃபிள் என்று சொல்ல மாட்டார்கள்.

இரும்புச் சட்டகத்தைக் காட்டுவதற்கு 1×2 கம்பிவரி டைல், எண் 2412, பயன்படுத்தலாம். எல்லா இடத்திலும் ஒட்டாதீர்கள், கீழ்க்கால்களில் போதும். சட்டகத்தை உண்மையிலேயே ஊடுருவிப் பார்க்கும்படி செய்ய வேண்டுமானால் அளவு பெருகிவிடும். லெகோ நிறுவனம் 2022இல் வெளியிட்ட ஈஃபிள் கோபுர செட் 10,001 துண்டுகள், 149 செ.மீ. உயரம்.

குவிமாடம்?

விட்டம் 2 ஸ்டட் என்றால் ஆயத்தமாகக் கிடைக்கும் 2×2 வட்டக் குவிமாடத் துண்டே போதும். 6 அல்லது 7 ஸ்டட் விட்டத்துக்கு லோவெல் கோளம் என்ற முறை இருக்கிறது. புரூஸ் லோவெல் என்ற கட்டுநர் உருவாக்கியது. எல்லாப் பக்கமும் ஸ்டட் நோக்கும் உள்கரு ஒன்றைச் செய்து, ஆறு பக்கமும் ஒரே மாதிரியான பிளேட் அடுக்குகளை ஒட்டினால் சுமார் 6.8 ஸ்டட் விட்டமுள்ள பந்து கிடைக்கும். குவிமாடத்துக்குக் கீழ்ப் பக்கத்தை விட்டுவிடலாம்.

தாஜ்மகாலுக்கு இது மட்டும் போதாது. அதன் குவிமாடம் அரைக்கோளம் அல்ல. கழுத்தில் சற்று ஒடுங்கி, நடுவில் புடைத்து, மேலே கூர்மையாகும். 1:500 அளவில் எடுத்தால் சுமார் 95 மீட்டர் மேடை 24 ஸ்டட், 73 மீட்டர் உயரம் 146 மி.மீ. கோளத்துக்கு அடியில் அதைவிட அரை ஸ்டட் உள்வாங்கிய வட்டக் கழுத்து ஒன்றை 2 பிளேட் உயரத்துக்கு வையுங்கள். உச்சியில் 1×1 கூம்பு. இந்த இரண்டும் இல்லாவிட்டால் வேறு ஏதோ ஒரு குவிமாடக் கட்டடமாகத் தெரியும்.

பீசா கோபுரத்தைச் சாய்ப்பது எப்படி?

நேராகக் கட்டி, அடித்தளத்தைச் சாயுங்கள். சாய்வு ஏறக்குறைய 4 பாகை. கோபுரத்தின் அடிப் பிளேட்டை ஒரு பக்கம் 1×2 கீல் கட்டையில் பூட்டி, அதிலிருந்து 6 ஸ்டட் தள்ளி, கீலைவிட 1 பிளேட் உயரமான முட்டு ஒன்றை வையுங்கள். 48 மி.மீ. தூரத்தில் 3.2 மி.மீ. உயர்வு என்றால் 3.8 பாகை. முட்டின் உச்சி டைலாக இருக்க வேண்டும். ஸ்டட் இருந்தால் இன்னும் 1.7 மி.மீ. தூக்கிவிடும். கீல் சாய்வின் பக்கமாக, அதாவது கீழ்ப்பக்கமாக இருக்கட்டும். எடை அதன்மேல் விழுவதால் கட்டைகள் கழன்றுவராது.

எந்த நிறத்தில் கவனம் தேவை?

சாம்பலில். லெகோ 2004 வாக்கில் சாம்பல் நிறங்களை மாற்றியது. பழையதில் சற்று மஞ்சள் சாயல், புதியதில் நீலச் சாயல். பழைய பெட்டியிலிருந்து எடுத்ததையும் புதிதாக வாங்கியதையும் கலந்தால் சுவரில் திட்டுத்திட்டாகத் தெரியும். மின்விளக்கில் பார்த்தால் ஏமாந்துபோவீர்கள். பகல் வெளிச்சத்தில் பிரித்து வையுங்கள். பழுப்பு, அடர் சிவப்புக் கட்டைகளில் சில ஆண்டுகளின் உற்பத்தி எளிதில் உடையும். பழைய கட்டைகளை இந்த நிறங்களில் கழற்றும்போது வளைக்காமல் நேராக இழுங்கள். வெள்ளை வெயிலில் மஞ்சளாகும்.

எத்தனை துண்டுகள் வாங்குவது?

எண்ணி வாங்குங்கள், ஊகித்து வாங்காதீர்கள். பார்த்தினானின் தூண்களுக்கு மட்டும் 46 × 4 = 184 உருளைக் கட்டைகள், எண் 3062. 1×1 வகைகள் தொலைவதும் கீறல் விழுவதும் அதிகம். அவற்றில் பத்துக்கு ஒன்று கூடுதலாக எடுங்கள். கண்ணில் படாத உட்பகுதிக்கு எந்த நிறமும் சரி. உள்ளே பளிச்சென்ற நிறங்களை வைப்பது ஒரு வகையில் நல்லதும்கூட: பிரித்துத் திருத்தும்போது எது உள், எது வெளி என்று உடனே தெரியும்.

கணினியில் வடிவமைத்துவிட்டுக் கட்டலாமா?

கட்டாயம் செய்யுங்கள். பிரிக்லிங்க் ஸ்டூடியோ இலவசமாகக் கிடைக்கிறது. எல்-டிரா என்ற திறந்த துண்டு நூலகத்தின் அளவுகளே அதிலும். துண்டுப் பட்டியலையும் படிப்படியான வழிகாட்டியையும் அதிலிருந்தே எடுக்கலாம். இரண்டு இடங்களில் ஏமாற்றம் வரும். ஒன்று, திரையில் எந்தத் துண்டையும் எந்த நிறத்திலும் வைக்கலாம். உண்மையில் அந்த நிறத்தில் அந்தத் துண்டு தயாரிக்கப்பட்டே இருக்காது. வடிவமைக்கத் தொடங்கும்போதே கிடைக்கும் நிறங்களை மட்டும் காட்டும் வடிப்பானைப் போட்டுக்கொள்ளுங்கள். இரண்டு, திரையில் எடை கிடையாது, விரல்களும் கிடையாது. நான்கு சுவரையும் முடித்தபின் உள்ளே ஒரு டைலை அழுத்த வேண்டிய வரிசை திரையில் சுலபமாக வரும், கையால் முடியாது. சந்தேகமான மூட்டுகளை மட்டும் முதலில் கையில் இருக்கும் கட்டைகளால், எந்த நிறமானாலும், கட்டிப் பாருங்கள்.

அடித்தட்டு வில்போல் வளைகிறது, தூண்கள் கோணலாக நிற்கின்றன. ஏன்?

ஒரே ஒரு பிளேட் தடிமனுள்ள நீண்ட தட்டின்மேல் நிறையச் சிறு துண்டுகளை அழுத்தும்போது ஒவ்வொரு ஸ்டட்டும் மயிரிழை அளவு நெருக்குகிறது. அவை சேர்ந்து தட்டை வளைக்கும். இரண்டு அடுக்குப் பிளேட்டுகளைக் குறுக்கும் நெடுக்குமாக, மூட்டுமேல் மூட்டு வராமல், செங்கல் சுவர்போல் பின்னுங்கள். பெரிய டைல்களைப் பயன்படுத்தினாலும் வளைவு குறையும்.

1×1 உருளைக் கட்டைகளை அடுக்கிய தூண் எப்போதும் கொஞ்சம் கோணும். ஒரு ஸ்டட்டின் பிடியில் அவ்வளவுதான் நேர்த்தி. மேல் ஸ்டட்டில் துளையுள்ள வகையை வாங்கி, 4 ஸ்டட் நீளக் கம்பியை ஊடே செருகினால் தூண் நேராகும். 46 தூண்களையும் நிறுத்திய பிறகு மேல் தளத்தை ஒரே தட்டாக அழுத்த முயலாதீர்கள். ஒன்று சரிந்தால் வரிசையே சரியும். தூண்களை முதலில் தலைகீழாகக் கூரைத் தட்டில் பொருத்தி, பிறகு முழுதாகத் திருப்பி அடித்தளத்தில் ஒரு மூலையிலிருந்து அழுத்தி வாருங்கள்.

பசை போடலாமா?

வேண்டாம். அளவு தவறினால் திருத்த முடியாது, கட்டைகளும் வீணாகும். ஆடும் இடத்தில் பசை கேட்கத் தோன்றினால் அங்கே வடிவமைப்பில் ஒரு பூட்டு குறைகிறது என்று பொருள்.

வேறு நிறுவனக் கட்டைகளைக் கலக்கலாமா?

பெயரளவில் அளவுகள் ஒன்றே. பிடிமானமும் நிறமும் மாறும். தளர்வான கட்டை உள்நிரப்புக்குப் பரவாயில்லை; பக்க ஸ்டட்டுக்கும் ஜம்பருக்கும் வேண்டாம்.

தூசி, மஞ்சள் நிறம், இடமாற்றம்?

தூசிக்கு மென்மையான ஓவியத் தூரிகை, வாரம் ஒருமுறை. பிரித்துக் கழுவுவதானால் 40 பாகை செல்சியசுக்கு மேல் சூடில்லாத நீர், கொஞ்சம் மென்சோப்பு. முடி உலர்த்தியோ வெயிலோ இல்லாமல் துணியின்மேல் பரப்பிக் காயவிடுங்கள். சன்னல் ஓரத்தில் வெள்ளை மாதிரியை வைக்க வேண்டாம். ஏற்கெனவே மஞ்சளானதை 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடில் அமிழ்த்திச் சில மணி நேரம் பகல் வெளிச்சத்தில் வைத்தால் வெளுக்கும், ஆனால் நாளடைவில் மறுபடி மஞ்சளாகலாம். அச்சிட்ட துண்டுகளை இதில் போடாதீர்கள்.

எடுத்துச்செல்ல வேண்டிய மாதிரியை வடிவமைக்கும்போதே பிரிக்கும் கோடுகளை வைத்துவிடுங்கள். ஈஃபிளுக்கு இரண்டாம் தளம், தாஜ்மகாலுக்கு மேடையும் குவிமாடமும். அந்த இடங்களில் பரப்பு முழுவதும் டைல் போட்டு, நான்கு மூலையில் மட்டும் ஒவ்வொரு ஸ்டட் விட்டால் நிற்கும்போது உறுதியாக இருக்கும், தூக்கும்போது இலேசாகக் கழலும். ஒவ்வொரு பகுதியையும் தனித்தனியாகத் துணியில் சுற்றி, நின்ற நிலையிலேயே பெட்டியில் வையுங்கள். படுக்க வைத்தால் ஜம்பர்களில் சுமை பக்கவாட்டில் விழும், முதலில் கழல்வது அவைதான்.